இறுக்கி மூடாத வீடு

எங்கள் வீட்டில் எந்த மூடியும் ஒழுங்காக மூடியிருக்காது. சர்க்கரை டப்பாவை அவசரத்தில் மூடியோடு பிடித்துத் தூக்கினால் மூடி மட்டும் கையோடு வரும். டப்பா மேடையிலேயே நிற்கும். காப்பித்தூள் பாட்டிலின் மூடி பேருக்கு மேலே உட்கார்ந்திருக்கும். பிஸ்கட் வாங்கி வந்த மறுநாளே நமுத்துப் போகும். எறும்புகள் எங்கள் சமையலறையில் வாடகை இல்லாமல் குடியேறி வெகுநாளாகிறது. போதாக்குறைக்குப் பாத்திரம் கழுவும் தொட்டியில் குழாய் எந்நேரமும் சொட்டிக்கொண்டே இருக்கும்.

இத்தனைக்கும் காரணம் அத்தைதான் என்பது அம்மாவின் தீர்ப்பு. அத்தை என்றால் என் கணவரின் அம்மா. இரண்டு சம்பந்திகளை ஒரே வீட்டில் வைத்துக் குடித்தனம் நடத்துவது எப்படி என்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால், வேண்டாம் என்பதுதான் என் யோசனை. என் கணவர் கெட்டிக்காரர். சரக்கு லாரி ஓட்டுகிறார். வாரத்தில் பாதி நாள் ரோட்டில் இருப்பார், மீதிப் பாதி தூங்குவார்.

"மூடின்னா மூடணும், சம்பந்தி. மேல வைக்கிறதுக்குப் பேரு மூடுறது இல்ல" என்று அம்மா தினமும் காலையில் ஆரம்பிப்பாள். வேலையில் இருந்த காலம் முழுக்க மருந்துக்கடையில் இருந்தவள் அவள். ஒரு பாட்டில் திறந்திருந்தால் அவளுக்குத் தலைவலி வந்துவிடும்.

ஆச்சரியம் என்னவென்றால், இதற்கு மட்டும் அத்தை பதில் பேசமாட்டார். மின்விசிறியை எந்த வேகத்தில் வைப்பது, டிவி சத்தம் எவ்வளவு, ஜன்னலைத் திறப்பதா சாத்துவதா என்று மற்ற எல்லாவற்றுக்கும் ஒன்றுக்கு இரண்டாகக் கொடுப்பவர், மூடி விஷயம் வந்தால் மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். "கவனிக்கலைங்க" என்பார், அவ்வளவுதான். தப்பு செய்தவர் அடங்கிப் போகிறார் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு பேருடைய உடம்பையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு முடக்குவாதம். விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, காலையில் மரக்கட்டை மாதிரி விறைத்துக் கிடக்கும். ஆனால் கால் நன்றாக இருக்கிறது. வீட்டுக்குள் அவள் நடக்கும் வேகத்தில் எனக்கு மூச்சு வாங்கும். அத்தைக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வு ஒன்றும் இல்லை. சக்கர நாற்காலிதான். ஆனால் கை இரும்பு. மாமனாரோடு சேர்ந்து சைக்கிள் ரிப்பேர் கடை நடத்திய கை அது. துருப்பிடித்த நட்டை ஸ்பேனர் இல்லாமலே கழற்றுவார் என்று என் கணவர் பெருமையடித்துக்கொள்வார். அம்மா போய் எடுத்து வருவாள், அத்தை நறுக்குவார். அம்மா அடுப்பைப் பார்ப்பாள், அத்தை பிசைவார். இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு ஆள். வாய் மட்டும் கொஞ்சம் கூடுதல்.

இந்த ஏற்பாடு ஓடிக்கொண்டுதான் இருந்தது, அம்மா ஒருநாள் கொதிக்கிற வெந்நீர்ப் பாத்திரத்தைக் கைநழுவவிடும் வரை. காலெல்லாம் கொப்புளம். அத்தையால் எழுந்து போய்த் தூக்கவும் முடியவில்லை. நாற்காலியை ஈரத்தில் வழுக்க வழுக்க உருட்டிக்கொண்டு போய் எனக்கு போன் செய்திருக்கிறார். அன்றைக்கு விடுப்பு எடுத்தவள் நான். அதற்குப் பிறகு வேலைக்குத் திரும்ப முடியவில்லை.

என் வேலை கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பது. முதலாளி நல்லவர்தான். ஆனால் நல்லவருக்கும் கடை நடக்க வேண்டும். "மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன்மா, அதுக்கு மேல வேற ஆள் போட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டார். எனக்கு அந்த வேலை பிடிக்கும். மங்கலாகத் தெரிகிறது என்று வந்தவர், சரியான கண்ணாடியை மாட்டியதும் வாசலைப் பார்த்து வாயைப் பிளப்பாரே, அதைப் பார்க்காமல் வீட்டில் உட்கார்ந்து பருப்பு வேகிறதா என்று பார்ப்பது எனக்குத் தண்டனை. அதை மறைத்துப் பேச எனக்குத் தெரியாது.

ஒரே வழிதான் இருந்தது. தனியாகச் சமாளிக்க முடியாதவர்களுக்குப் பகல் முழுவதும் ஓர் உதவியாளரை அனுப்பும் திட்டம் நலத்துறையில் உண்டு. ஆனால் முடியாது என்று நீங்கள் சொன்னால் போதாது. அவர்கள் வந்து அளந்து பார்த்து, முடியவில்லை என்று அவர்கள் சொல்ல வேண்டும்.

அத்தைக்கு இதில் ஏற்கெனவே அனுபவம். போன வருடம் அவரை அலுவலகத்துக்கு வரச்சொல்லி அளந்தார்கள். நீளமான நடைபாதையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகச் சொன்னார்கள். அத்தைக்கு யாராவது போ என்றால் போதும். நாற்காலியை ஒரு தள்ளு தள்ளி, அந்த முனையில் போய் ஸ்டைலாகத் திருப்பியும் காட்டினார். நடமாட்டம்: உண்டு என்று எழுதிவிட்டார்கள்.

"கால் போச்சுன்னு போனேன். கையால நடக்கறேன்னு சொல்லி அனுப்பிட்டாங்க" என்று அத்தை இன்னமும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் எரிச்சலும் இருக்கும்.

எனவே இந்த முறை அம்மாவின் பேரில் விண்ணப்பித்தோம். வீட்டுக்கே வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். நான் அம்மாவை உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன். ஏனென்றால் சோதனை என்று வந்துவிட்டால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். என் கடைக்கு வருபவர்கள், கண்ணாடி வாங்கத்தான் வருகிறார்கள். ஆனால் எழுத்துப் பலகை முன்னால் நிறுத்தியதும் கண்ணைச் சுருக்கி, கழுத்தை நீட்டி, முன்னால் போனவர் படித்ததை மனப்பாடம் செய்து, எப்படியாவது பாஸ் பண்ணப் பார்ப்பார்கள். பாஸ் பண்ணினால் நஷ்டம் அவர்களுக்குத்தான் என்பது அந்த நேரத்தில் மறந்தே போய்விடும்.

"அம்மா, அவங்க முன்னாடி ரொம்ப முயற்சி பண்ணாத. முடியலைன்னா முடியலைன்னு விட்டுடு."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய் இல்லம்மா. உள்ளதைக் காட்டு."

"உள்ளதுன்னா? எனக்கு என்ன முடியல? கொஞ்சம் பிடிப்பு கம்மி, அவ்வளவுதான். உன் மாமியார் மாதிரியா நான்?" என்று நாற்காலிப் பக்கம் ஒரு பார்வையையும் வீசினாள்.

"என்னை எதுக்கு இழுக்கறீங்க? நான்தான் கையால நடக்கறவளாச்சே" என்றார் அத்தை.

மதிப்பீட்டு அதிகாரி காலையிலேயே வந்துவிட்டார். என் வயதுதான் இருக்கும். தோளில் ஒரு கனமான பை, கையில் அட்டையில் மாட்டிய தாள். வந்து உட்கார்ந்ததும் அம்மா உட்கார்ந்த விதத்தைப் பார்த்து ஏதோ குறித்தார். அம்மா தும்மியபோதும் குறித்தார். நான் மனசுக்குள் அவருக்கு மார்க் மேடம் என்று பெயர் வைத்துவிட்டேன்.

"நீங்க எதுவும் சொல்லக்கூடாது. எடுத்துக் குடுக்கவும் கூடாது. நான் பாக்கறதைத்தான் எழுதணும்" என்று எனக்குத்தான் முதல் எச்சரிக்கை. எனக்கு நெற்றியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது போல.

முதலில் பையிலிருந்து கைப்பிடி போன்ற ஒரு கருவியை எடுத்தார். அமுக்கினால் முள் நகரும். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினாள். முள் நகர்ந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவின் மூக்கும் வாயும்தான் இடம் மாறின. எனக்குள் ஒரு நம்பிக்கை எட்டிப் பார்த்தது. பெற்ற தாய் தோற்பதைப் பார்த்துச் சந்தோஷப்படும் மகளை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் பார்த்திருக்கலாம்.

"இதை மட்டும் வச்சு ஒண்ணும் முடிவு பண்ண மாட்டோம். தினசரி வேலைதான் முக்கியம். நீங்க தினமும் புழங்குற சாமானை வச்சே பாத்துடலாம், வாங்க" என்று மார்க் மேடம் சமையலறைக்கு நடந்தார்.

அத்தையின் முகம் சட்டென்று மாறியதை நான் பார்த்தேன். போன வருடம் அலுவலகத்தில் அவர்கள் தங்கள் சாமானை வைத்துத்தான் சோதித்தார்கள். இப்போதும் அப்படித்தான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ஆனால் அந்த முகம் எதற்கு மாறியது என்று எனக்கு அப்போது புரியவில்லை.

"சர்க்கரை டப்பாவைத் திறங்கம்மா."

அம்மா உள்ளங்கையை மூடிமேல் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். திறந்துகொண்டது.

"காப்பித்தூள்?"

திறந்துகொண்டது.

"குழாயைத் திருப்புங்க."

மணிக்கட்டால் ஒரு இடி. தண்ணீர் கொட்டியது.

"வலிக்கு மாத்திரை சாப்பிடுவீங்களா? அந்த பாட்டில்?"

அமுக்கித் திருகுகிற மூடி அது. குழந்தைகள் திறந்துவிடக் கூடாது என்று செய்தது, பெரியவர்களே திணறுவார்கள். அம்மா அதையும் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத் திருகி, ஜெயித்த வீரர் மாதிரி மூடியை உயர்த்திக் காட்டினாள். பிறகு நைட்டியின் மேல் போட்டிருந்த ஸ்வெட்டர் பொத்தானைக் கழற்றச் சொன்னார். கழன்றது. மாட்டச் சொன்னார். மாட்டிக்கொண்டது.

முடியும், முடியும், முடியும் என்று மார்க் மேடத்தின் பேனா ஓடியது. அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு களை. கண்ணாடிக் கடையின் வாசலில் வேறு யாரோ என் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு நிற்பது என் கண்ணில் தெரிந்தது. கோபம் கோபமாக வந்தது. கேட்கிறதையெல்லாம் செய்து காட்ட, தெருக்கூத்தா நடக்கிறது இங்கே? இதே கைதானே வெந்நீரைக் கொட்டியது?

"மேடம், இவங்க கை காலைல..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க பேசக்கூடாதுன்னு சொன்னேனே."

"பேசாம இருடி. எல்லாம் நல்லாத்தானே போகுது" என்றாள் அம்மா.

நல்லாத்தான் போனது. மார்க் மேடம் தாளை மடக்கி, பையின் ஜிப்பை இழுத்தார். அப்போதுதான் அத்தை நாற்காலியை உருட்டிக்கொண்டு சமையலறை வாசலை அடைத்து நின்றார்.

"அந்த சர்க்கரை டப்பாவை இப்படிக் குடுங்க."

அம்மா ஒன்றும் புரியாமல் எடுத்து நீட்டினாள். அத்தை டப்பாவை மடியில் வைத்து, மூடியைப் போட்டு, ஒரே ஒரு திருகு திருகினார். பெரிதாக முறுக்கவில்லை. எல்லோரும் மூடுவது போல மூடினார்.

"இப்ப திறங்க, சம்பந்தி."

அம்மா திருகினாள். நகரவில்லை. துணியைச் சுற்றித் திருகினாள். வயிற்றோடு அணைத்துக்கொண்டு திருகினாள். விரல்கள் வழுக்கி வழுக்கி வந்தன. முகம் சிவந்துவிட்டது.

"வேணும்னே இறுக்கி மூடியிருக்காங்க! பாத்தீங்களா மேடம்? நான் நல்லா பண்ணினது இவங்களுக்குப் பொறுக்கல. இத்தனை நாளும் ஒரு மூடியை ஒழுங்கா மூடத் தெரியாதவங்களுக்கு இன்னைக்குத்தான் மூடத் தெரிஞ்சுதா?"

"மூட எப்பவும் தெரியும்" என்றார் அத்தை. குரல் உள்ளே போய்விட்டது. "நீங்க எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி, தினமும் நான்தான் எல்லாத்தையும் தளர்த்தி வைப்பேன்."

தொட்டியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன சொல்றீங்க?" என்றாள் அம்மா.

"ஒரு வருஷம் முன்னாடி ஒருநாள் காப்பித்தூள் பாட்டிலோட நீங்க மல்லுக்கட்டிட்டு இருந்தீங்க. நான் பாத்ததை நீங்க பாக்கல. திறக்க முடியாம, அப்படியே வச்சுட்டு வந்து, இன்னைக்குக் காப்பி வேண்டாம்னு சொன்னீங்க. காப்பி வேண்டாம்னு சொல்ற ஆளா நீங்க? அதான்."

"குழாய்?"

"அதுவும் நான்தான். இறுக்கி மூடினா உங்களுக்குத் திருப்ப வராது."

அம்மா தன் ஸ்வெட்டரைக் குனிந்து பார்த்தாள். நானும் அப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு பொத்தான் துளையும் பிளேடால் கொஞ்சம் நீட்டிக் கீறப்பட்டு, பிரியாமல் இருக்க அதே நிற நூலால் ஓரம் அடிக்கப்பட்டிருந்தது. துணி நைந்துவிட்டது, மட்டமான துணி என்று கடைக்காரரை நானும் அம்மாவும் திட்டாத திட்டில்லை.

ஒரு வருடம். ஒரு வருடமாக இந்த மனுஷி, மூடத் தெரியாதவள், கவனமில்லாதவள், எறும்பு வளர்ப்பவள் என்று பேச்சு வாங்கிக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. மற்றதற்கெல்லாம் திறக்கிற வாய்! கண்ணாடி விற்கிறேன், ஊருக்கெல்லாம் பார்வை பார்க்கிறேன், என் சமையலறையில் நடந்தது எனக்குத் தெரியவில்லை.

மார்க் மேடம் பையை மறுபடி கீழே வைத்தார். நம்புவதா வேண்டாமா என்று அவருக்கும் தெரியவில்லை. "நான் பாக்கறதைத்தான் எழுத முடியும்" என்றார், அதே பாட்டு. பிறகு கொஞ்சம் யோசித்து, "எல்லாத்தையும் சாதாரணமா மூடுங்க. இன்னொரு தடவை பாத்துடலாம்" என்றார். அத்தை மூடிய சர்க்கரை டப்பாவைத் தானும் ஒருமுறை திறந்து மூடிப் பார்த்துக்கொண்டார், அத்தையின் இரும்புக் கை சங்கதியை யாரோ காதில் போட்டது போல.

அதற்குப் பிறகு நடந்ததை நான் மறக்கமாட்டேன். அத்தை சமையலறையைச் சுற்றி நாற்காலியை மெல்ல உருட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக மூடினார். அவர் பின்னாலேயே அம்மா போய், ஒவ்வொன்றாகத் தோற்றாள். காப்பித்தூள் வரவில்லை. குழாய் வரவில்லை, மணிக்கட்டால் இடித்து இடித்துத் தோல் கன்றிவிட்டது. கடைசியாக அந்த மாத்திரை பாட்டில். வாழ்நாளில் எத்தனை ஆயிரம் பாட்டில்களை அம்மா திறந்திருப்பாள், எத்தனை பேருக்கு இப்படி அமுக்கி, இப்படித் திருகணும் என்று சொல்லிக்கொடுத்திருப்பாள். அதை இரண்டு கைக்கும் நடுவில் வைத்தாள். அமுக்கினாள். பாட்டில் கைநழுவித் தரையில் உருண்டு போய் அத்தையின் சக்கரத்தில் முட்டி நின்றது.

"போதும் மேடம்" என்றார் அத்தை. அவர்தான் அழுதார். அம்மா அழவில்லை. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மார்க் மேடம் பழையதை அடித்து எழுதினார். எழுதிக்கொண்டே வந்தவரின் பேனா ஒரு கட்டத்தில் நின்றது.

"இன்னொரு கேள்வி இருக்கு. கேட்டே ஆகணும்" என்று சங்கடத்தோடு சொன்னார். "பகல்ல வீட்டுல உதவி செய்ய ஆள் இருந்தா, உதவியாளர் அனுப்ப மாட்டாங்க. இப்ப இவங்க உங்களுக்கு உதவி செய்யறதா சொல்றாங்க. போன வருஷம் இவங்களுக்கு நடமாட்டம் இருக்குன்னும் பதிவாகியிருக்கு. அப்படின்னா..."

அத்தையை நடக்கிறவர் என்று எழுதியது ஒருமுறை அவருக்கே கேடு செய்தது. இப்போது அது அம்மாவுக்கும் கேடு செய்யக் கிளம்பிவிட்டது. இவர்கள் அளக்கிற அழகே அழகு. அத்தை நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, நான் ஏன் வாயைத் திறந்தேன் என்பது போலக் குனிந்துகொண்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். இந்த நிலையில் அவளிடமிருந்து என்ன வரும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் எல்லாம் முடிந்தது.

அம்மா சுவரிலிருந்து திரும்பினாள்.

"உதவியா? எது உதவி? என்னைக் கேட்டாங்களா? என்கிட்ட சொன்னாங்களா? சொல்லாம எடுத்தா திருட்டுன்னா, சொல்லாம செஞ்சாலும் திருட்டுதான். ஒரு வருஷமா என் வீட்டு மூடியை எல்லாம் திருடியிருக்காங்க. இவங்களைப் போய் உதவின்னு எழுதுவீங்களா? எழுதிப் பாருங்க."

மார்க் மேடத்துக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. குனிந்து மறைத்துக்கொண்டார். "உதவிக்கு ஆள்... இல்லை" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். அன்றிலிருந்து அவரை நான் மார்க் மேடம் என்று கிண்டலாகச் சொல்வதில்லை. பழக்கத்தில்தான் சொல்கிறேன்.

சில நாளில் போன் வந்தது. உதவியாளர் வருவார், காலையிலிருந்து சாயங்காலம் வரை. நான் குதித்தேன். முதலாளிக்குச் சொன்னேன். கோட்டைத் துவைத்து இஸ்திரி போட்டேன். ஆனால் வீட்டில் என்னோடு குதிக்க ஆளில்லை.

இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. சண்டை போட்டால்கூடப் பரவாயில்லை என்று எனக்கு ஆகிவிட்டது. மின்விசிறி எந்த வேகத்தில் சுற்றினாலும் யாரும் கேட்கவில்லை. டிவி யாரும் பார்க்காமல் கத்தியது. எல்லா மூடியும் இறுக்கமாக இருந்தது. பிஸ்கட் மொறுமொறுவென்று இருந்தது. எறும்புகள் காலி செய்துகொண்டு போய்விட்டன. குழாய் சொட்டவில்லை. இப்படி ஒரு ஒழுங்கான வீட்டில் நான் இருந்ததே இல்லை, இருக்கவும் பிடிக்கவில்லை.

ஒருநாள் அம்மாவின் காப்பியை மாற்றிக் குடித்துவிட்டுத் துப்பினேன். சர்க்கரையே இல்லை.

"குறைச்சுக்கலாம்னு பாக்கறேன்" என்றாள் அம்மா.

"நீயா?"

"ஏன், நான் குறைக்கக் கூடாதா?"

அத்தை அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா நகர்ந்ததும் என் கையைப் பிடித்தார். "ஏம்மா, நான் மறுபடியும் லேசா தளர்த்தி வைக்கட்டுமா?"

"வேண்டாம் அத்தை. இப்ப தெரிஞ்சுபோச்சு. தளர்ந்த மூடியைப் பாத்தா டப்பாவையே தூக்கி வீசுவாங்க."

"நான் அன்னைக்குச் சொல்லியிருக்கவே கூடாது" என்றார் அத்தை. "வேலையை நீ எப்படியாவது பாத்துக்கிட்டிருப்ப. அவங்க தன்னால முடியும்னு நினைச்சுக்கிட்டே இருந்திருப்பாங்க." சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். அவர் சொல்லியிருக்காவிட்டால் என் வேலை போயிருக்கும். அந்த நன்றியைக்கூட அவரிடம் சொல்லும்படி இல்லை வீட்டு நிலைமை.

நான் வேலைக்குத் திரும்புகிற நாள் வந்தது. உதவியாளர் வர இன்னும் நேரமிருந்தது. நான் கூடத்தில் தலை வாரிக்கொண்டிருந்தேன். அத்தை நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளைப் புரட்டுவதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தார். சமையலறையிலிருந்து அம்மா வந்தாள். அவள் நடக்கிற வேகத்தில் இல்லை; மெதுவாக. இரண்டு முன்கைகளுக்கும் நடுவில் சர்க்கரை டப்பாவை இடுக்கிக்கொண்டு வந்தாள்.

என்னிடம்தான் வருகிறாள் என்று சீப்பைக் கீழே வைத்தேன். என்னைத் தாண்டிப் போனாள். டப்பாவை அத்தையின் மடியில், செய்தித்தாளின் மேலேயே வைத்தாள்.

"திறங்க."

அத்தை அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மூடியைத் திருகினார். பழக்கதோஷம், பாதி தளர்த்தி, அப்படியே மேலே உட்காரவைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"முழுசா திறங்க, சம்பந்தி. அரைகுறை வேலை எனக்கு ஆகாதுன்னு தெரியாதா?"

அத்தை முழுசாகத் திறந்தார். அம்மா டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் இறக்கி வைத்திருந்த டிகாஷனில் காப்பி கலக்குகிற சத்தம் கேட்டது. இரண்டு தம்ளரைத் தட்டில் வைத்து, தட்டை முன்கையில் தாங்கிக்கொண்டு வந்தாள். ஒன்று அத்தைக்கு. பிறகு மறுபடி போய் டப்பாவைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள்.

"மூடுங்க."

அத்தை மூடியைக் கையில் எடுத்தார். வைக்கவில்லை. "எப்படி மூடட்டும்?" என்று கேட்டார். ஒரு வருடத்தில் முதல்முறையாகக் கேட்டார்.

"எப்படின்னா? இறுக்கி மூடுங்க. மூடின்னா மூடணும்" என்றாள் அம்மா. காப்பியை ஒரு வாய் குடித்தாள். "வேணும்கிறப்ப எனக்குக் கேக்கத் தெரியும்."

அத்தை திருகினார். கண்ணில் தண்ணீர் வழிய வழிய, பல்லைக் கடித்துக்கொண்டு, துருப்பிடித்த நட்டு திருகிய கையால் முழு பலத்தோடு திருகினார். அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்து காப்பி போடப் போனால், அந்த டப்பாவை என்னாலேயே திறக்க முடியவில்லை. அத்தையைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.